அக்கா மிதித்த அரை அம்மி

“கல்லைப் படிச்சுப்போட்டு என்ன பிள்ளை செய்யப்போறாய்? வீடு வீடாப் போய் அம்மி கொத்தப்போறியோ?”

நான் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படிக்கப்போகிறேன் என்று அறிவித்த அன்று சித்தப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் முற்றத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, அதன் பின்சீற்றிலேயே கால் நீட்டியபடி கேட்டார். அம்மா சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் குசினிக்குள் போய்விட்டார். அப்பா புகையிலைக் கன்றைப் பற்றி ஏதோ கதைத்தார். நான் மட்டும் நிமிர்ந்து நின்று, “இல்லைச் சித்தப்பா, நான் பூமியின்ரை வரலாற்றைக் கண்டுபிடிக்கப்போறன்” என்றேன். (உண்மையாகவே இப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு வெட்கமாக இருக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் இருக்கிறது.)

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததில்லை. அப்பா எழுதப் படிக்கப் பழகிய கையோடு தோட்டத்துக்குப் போனவர். வதனியக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அம்மா நோய் வருத்தத்தில் படுத்திருந்த காலத்தில் படிப்பை விட்டுவிட்டு, வெங்காயத் தோட்டத்துக்கும் குசினிக்கும் நடுவே ஓடித் திரிந்தாள். அக்கா ஓடியதால்தான் நான் இருந்து படித்தேன். அதை வீட்டில் ஒருவரும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நான் கொஞ்சம் அடக்கமாக வளர்ந்திருப்பேனோ என்னவோ.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் பிறந்த ஒருத்தி பழைய பாறைகளைப் படிக்கப் போவது, பாலைவனத்தில் பிறந்தவன் கப்பல் ஓட்டப் போவது மாதிரி. எங்கள் பக்கம் எங்கே கிணறு வெட்டினாலும் வருவது சுண்ணாம்புக்கல். அதில் சிப்பி தெரியும், பவளம் தெரியும். புவிச்சரிதக் கணக்கில் அது தொட்டிலில் கிடக்கிற பிள்ளை. என்னோடு படித்தவர்களோ மலைநாட்டுக்காரர். அவர்களுடைய வீடுகளின் கோடியிலேயே பல கோடி வருடப் பாறைகள் கிடந்தன. அவர்கள் அதன் மேல் உடுப்புக் காயப்போடுவார்கள். “உங்கட ஊரில கல்லே இல்லையாமே?” என்று விடுதியில் கேட்பார்கள். ஊரில் தண்ணீர் இல்லை என்று சொன்னால்கூட எனக்கு அவ்வளவு ரோசம் வந்திராது.

மூன்றாம் வருடத்தில் பேராசிரியர் ஒரு வாக்குக் கொடுத்தார். விடுமுறையில் அவரவர் ஊர்ப்பக்கத்திலிருந்து மடிந்து முறுகிய பாறை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நல்லதாக அமைந்தால் அதன் வயதைக் கணிக்கிற வேலையை ஆய்வாகத் தருவார்.

அது என்ன வேலை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. துண்டுகள் நகரும், முட்டும். கடலின் தரை கனமானது. அது பக்கத்துக் கண்டத்தின் அடியில் சொருகிக்கொண்டு கீழே போகும், கோயில் மண்டபத்தில் விரித்த பாயின் விளிம்பு பக்கத்துப் பாயின் அடியில் போகிற மாதிரி. அங்கே அகப்பட்ட பாறைகள் மடியும், முறுகும், வேகும். பிறகு நெடுங்காலம் கழித்து அவற்றில் சில மேலே வரும். அந்தக் கடல் இராது, அந்தக் கண்டங்களும் அந்த இடத்தில் இரா. அங்கே ஒரு கடல் அமிழ்ந்து போனது என்பதற்கு மிஞ்சுகிற சாட்சி அந்த மடிப்பு விழுந்த கல்தான். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகள் இருக்கும். அவை எப்போது உருவாகின என்று கணித்தால், பழைய கடலின் கதையைப் பின்னால் இருந்து முன்னால் சொல்லிக்கொண்டு போகலாம். எனக்கு அந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்று ஆசை. ஆனால் கல்லுக்கு எங்கே போவது?

கல் ஓட்டோவில் வந்தது.

அந்த விடுமுறையில்தான் அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அச்சுவேலி. சந்தைக்குப் பக்கத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய தாயார் மெலிந்த மனிசி, அதிகம் கதைக்கமாட்டார். கலியாணப் பேச்சின்போது அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை.

“எங்களுக்குச் சீதனம் வேண்டாம். பிள்ளை என்ரை அம்மியிலைதான் கால் வைக்கவேணும்.”

அந்த அம்மியில்தான் அவரும் மணப்பெண்ணாகக் கால் வைத்தவர். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னலும் இல்லை. கூரையில்லாத குசினியில் அம்மி மட்டும் இருந்ததாம். “அந்தப் பாரத்தைத் தூக்கக் கள்ளனுக்கும் பஞ்சி” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை சித்தப்பா போய் அம்மியை ஏற்றிவந்தார். பின்சீற்றில் சாக்குச் சுற்றி, கயிற்றால் கட்டி, பெரிய மனிதரை அழைத்து வருகிற மாதிரி. முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. பக்கத்து வீட்டுச் செல்வியக்காவோடு ஊர்ப்பெண்கள் பத்துப்பேர் அளவில் இருந்து அரியதரப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அம்மியைக் கிணற்றடிக்கு உருட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள்.

நனைந்த கல்லின் பக்கவாட்டைப் பார்த்தேன். அப்படியே குந்திவிட்டேன்.

வெள்ளையும் கறுப்புமாகப் பட்டிகள். அவை நேராக ஓடவில்லை. அலையலையாக மடிந்து, சில இடங்களில் மடிப்பே மறுபடி மடிந்து கிடந்தது. நடுவில் சிவப்புக் கார்னெட் மணிகள். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மெல்லிய வெள்ளை வளையம். ஆழத்தில் அழுந்திக் கிடந்த கல் மேலே வரும்போது அந்த வளையம் விழும் என்று படித்திருந்தேன். புத்தகத்தில் படமாகக் கண்டது, எங்கள் கிணற்றடியில், மஞ்சள் பூசுவதற்குக் காத்திருந்தது.

“எல்லாரும் இஞ்சை ஓடி வாங்கோ!” என்று கத்தினேன். பாம்பு என்று நினைத்து நாலைந்து பேர் விளக்குமாறோடு வந்தார்கள்.

“இந்தக் கல்லு ஒரு காலத்திலை நிலத்துக்குக் கீழை முப்பது கிலோமீற்றர் ஆழத்திலை கிடந்தது.”

“ஆரடி பிள்ளை இறங்கி எடுத்தது?” என்றார் செல்வியக்கா.

“ஒருத்தரும் எடுக்கேல்லை. தானா மேலை வந்தது.”

“பேந்து எப்பிடிச் சண்டிலிப்பாய்க்கு வந்தது?”

“அது என்ரை ஓட்டோவிலை” என்றார் சித்தப்பா. “முப்பது கிலோமீற்றர் தானா வந்த கல்லு, ஓட்டோவிலையிருந்து இறங்கமாட்டன் எண்டு நிண்டது. நான்தான் கட்டிப்பிடிச்சு இறக்கினனான்.”

“என்ன வயசிருக்கும் உதுக்கு?”

“ஐம்பது கோடி வருசத்துக்கு மேலை.”

“சும்மா போடி” என்று செல்வியக்கா அரியதரத்துக்குத் திரும்பினார். “எனக்கு அங்கை எண்ணெய் காயுது.”

அவர்களை அப்படியே போகவிட எனக்கு மனம் வரவில்லை. போகிறவர்களின் முதுகைப் பார்த்து, “இதை ஆராலையும் உடைக்கேலாது! பூமியே உடைக்கேலாமல் விட்ட கல்லு!” என்று சொன்னேன். (இந்த வசனத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்திருங்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.)

மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தார்கள். அம்மி வெங்காயக் கொட்டிலுக்குப் பின்னால் சாக்கின் மேல் விளிம்பில் நின்றபடி காய்ந்துகொண்டிருந்தது. என்னுடைய சுத்தியலும் சிறிய உளியும் பையில் இருந்தன. புதிதாக வாங்கிய சுத்தியல். அதை நான் வீட்டுக்குள்ளேயே இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததுண்டு.

என் யோசனை மிகவும் நியாயமாகப் பட்டது. அடிப்பக்க விளிம்பில், கட்டைவிரல் அளவு ஒரு துண்டு. அக்காவின் கால் மேலேதானே படப்போகிறது? ஐயர் அம்மியைப் புரட்டியா பார்க்கப்போகிறார்? பேராசிரியருக்குக் கல், எனக்கு ஆய்வு, யாழ்ப்பாணத்துக்குப் புகழ். பிழை எங்கே?

பிழை உளியை வைத்த இடத்தில். பக்கவாட்டில் ஒரு கறுத்த கோடு ஓடியது. அங்கே கல் கொஞ்சம் இளக்கமாகத் தெரிந்தது, துண்டு சுலபமாக வரும் என்று அதிலேயே உளியை வைத்தேன். அது மைக்காப் படை. படை படையாக உள்ள கல்லில் மைக்கா ஓடுகிற வழியே அடித்தால் என்ன ஆகும் என்பது முதலாம் வருடத்துக் கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் முழுப் புள்ளி வாங்கியிருந்தேன்.

முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உறுதியாகத் தட்டினேன். அதற்கும் ஒன்றுமில்லை. பூமியே உடைக்காத கல்லல்லவா என்று பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த அடிக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிற அளவுக்குத்தான். அம்மி, பேக்கரிப் பாணை நீளவாட்டில் வெட்டின மாதிரி, மேல்பாதி வேறு கீழ்பாதி வேறாகப் பிரிந்து, கீழ்பாதி மெல்லச் சரிந்து சாக்கில் படுத்தது.

என்னுடைய அப்போதைய மனநிலையை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோசம். உள்முகம் அவ்வளவு வடிவு! வெளியில் தேய்ந்து மங்கிக் கிடந்த மணிகள் உள்ளே மாதுளை முத்து மாதிரி மினுங்கின. குந்தியிருந்து உருப்பெருக்கும் கைவில்லையால் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் தலையைச் சரித்துப் பார்த்தபோது, கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு கால் தெரிந்தது. மஞ்சள் பூசின கால்.

“என்னடி செய்தனீ?”

“அக்கா, இஞ்சை பாரன், இந்த வளையம்...”

“தர்சி. என்னடி செய்தனீ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் உடைத்தது பாறை இல்லை, அம்மி.

அக்கா அழவில்லை. சாக்கின் ஓரத்தில் இருந்து, இரண்டு பாதியையும் மாறிமாறிப் பார்த்தாள். “அந்த மனிசி ஒரு சதம் கேக்கேல்லை. இந்த ஒரு கல்லைத்தான் நம்பித் தந்தவ. கலியாணத்துக்கு முதல்நாள் அம்மி உடைஞ்சுதெண்டா ஊர் என்ன கதைக்கும் தெரியுமே? என்னை ராசியில்லாதவள் எண்டுவினம்.” பிறகு, “உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். நீ படிக்கிற பிள்ளை” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செய்தி பந்தலுக்குப் பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? அரியதரச் சட்டி அடுப்பிலேயே கருகியது. அம்மா தலையில் கை வைத்து இருந்துவிட்டார். அப்பா கொட்டிலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு தரம் நடந்தார். சித்தப்பா மட்டும் செயலில் இறங்கினார்.

“ஒருத்தரும் பதறவேண்டாம். என்னட்டை ஒரு பசை இருக்கு. ஓட்டோவின்ரை பம்பரையே ஒட்டினது.”

“அந்தப் பம்பர் இப்ப எங்கை?” என்று அப்பா கேட்டார்.

சித்தப்பா ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டோவுக்கு முன்பம்பர் இல்லை என்பதை நாங்கள் எல்லாரும் கண்டுகொண்டோம்.

“ஒட்டவேண்டாம்” என்று அக்கா எழும்பினாள். “ஒளிச்சுப்போட்டு அந்த வீட்டிலை என்னெண்டு போய் வாழுறது?” எல்லாருக்கும் முன்னால் கைத்தொலைபேசியை எடுத்தாள். நான் அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டாள்.

“மாமி, நான் வதனி. அம்மி ரெண்டாப் போச்சு.”

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது கேட்டது.

“விழுந்ததோ?”

“இல்லை மாமி. தங்கச்சி உடைச்சவள்.”

“ஏனாம்?”

“அதுக்கு எத்தினை வயசெண்டு பாக்கவாம்.”

சேவல் மறுபடி கூவியது.

“நான் வாறன்” என்றார் மாமி.

அச்சுவேலியிலிருந்து வரும் நேரத்துக்குள் நான் மன்னிப்பு உரை ஒன்று தயாரித்தேன். முன்னுரை, அறிவியல் விளக்கம், முடிவுரை. மாமி யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்து இறங்கினார். அம்மா கதிரை போட்டார். மாமி இருக்கவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய்க் கல்லின் பக்கத்தில் குந்தினார்.

நான் தொண்டையைச் செருமினேன். “மாமி, இந்தப் பாறை ஒரு பழைய கடலின்ரை...”

“நான் கேக்கேல்லையே” என்றார்.

உரை முன்னுரையோடு முடிந்தது.

மாமி உள்முகத்தை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார். பந்தலிலிருந்து பின்னால் வந்த எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவராகக் கேட்டார்.

“உந்தச் சிவப்பு என்ன?”

“கார்னெட் மாமி. ஒருவகை மணி.”

“முந்தியும் உள்ளுக்கை இருந்ததோ?”

“ஓம் மாமி. எப்பவும் இருந்தது.”

“மேலையும் அங்கை ஒண்டு இங்கை ஒண்டு தெரியிறது” என்றார். “நான் நினைச்சன், செத்தல் மிளகாய் அரைச்சு அரைச்சு ஊறினதாக்குமெண்டு. எத்தினை வருசம் தேச்சுத் தேச்சுக் கழுவினனான்!”

ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. மாமி எழும்பி முந்தானையில் கையைத் துடைத்தார். அக்காவைப் பார்த்து, “நீ மறைக்காமல் சொன்னாய். அது காணும்” என்றார். பிறகு மேல்பாதியைக் காலால் மெதுவாகத் தட்டினார். அது ஊஞ்சல் மாதிரி ஆடியது. கல் மடிப்பின் வழியே பிளந்ததால் அடிப்பக்கம் நடுவில் வயிறு மாதிரிப் புடைத்து வண்டி வைத்திருந்தது.

“வாக்கு எண்டா வாக்கு. இந்தப் பாதியிலை கால் வைக்கலாம். ஆனா ஆடுற அம்மியிலை வைக்கேலாது. ஆர் உடைச்சது?”

“நான்தான் மாமி.”

“அப்ப நீயே கொத்து. அடி தட்டையா வரவேணும்.”

பந்தல் வாசலில், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் சாக்கை விரித்தார்கள். அங்கேதான் வெளிச்சம் நல்லாக இருக்கிறதாம். (அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தது சித்தப்பா. அவர் ஓட்டோவை நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின்சீற்றில் பழையபடி கால் நீட்டினார்.) நான் கவிழ்த்துப்போட்ட அம்மியின் முன்னால் இருந்து கொத்தத் தொடங்கினேன். ‘டக், டக், டக்.’ கலியாண வீட்டுக்கு வாழைக்குலையோடும் தேங்காயோடும் உறவுகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

“ஆர் உந்தப் பிள்ளை, அம்மி கொத்திறது?”

“கலியாணப் பொம்பிளையின்ரை தங்கச்சி. கம்பசிலை படிக்கிறவ” என்று சித்தப்பா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார்.

“அங்கை உதையும் படிப்பிக்கினமோ?”

“இது மூண்டாம் வருசப் பாடம். முதல் ரெண்டு வருசமும் ஆட்டுக்கல்லு.”

அம்மி கொத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பலமாக அடித்தால் பெரிய சில்லு கழலும், பள்ளம் விழும். மெதுவாக அடித்தால் ஒன்றுமே கழலாது. பள்ளத்தைச் சமப்படுத்த மற்றப் பக்கம் கொத்தினேன். மற்றப் பக்கம் பள்ளமாயிற்று. உள்ளங்கை கொப்பளித்தது. உளிக்கு வைத்த அடி ஒன்று கட்டைவிரலுக்குப் போனது. கல்தூள் பறந்து செல்வியக்காவின் இரண்டாவது சட்டி அரியதரத்தில் படிந்தது. அந்தக் கலியாணத்தில் அரியதரம் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வயிற்றில் ஐம்பது கோடி வருடம் போயிருக்கும்.

மாமி இடையிடையே வந்து கல்லை நிமிர்த்தச் சொல்லி, உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். “ஆடுது” என்பார். போய்விடுவார். மறுபடி வருவார். “இன்னும் ஆடுது.” பொழுது சாயும்போது அவருக்குத் தன் வீட்டு அலுவல் இருந்தது, புறப்பட்டுப் போய்விட்டார். அதன்பிறகு பரிசோதனை என் பொறுப்பு. கல்லை முற்றத்து மணலில் வைத்து ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை. குதித்தும் பார்த்தேன். அசையவே இல்லை. வெற்றி என்று அறிவித்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

மணல் பள்ளங்களுக்குள் புகுந்து கல்லைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. மணவறைக்குப் பலகை போட்டிருந்தார்கள் என்பதையும் யோசிக்கவில்லை.

அடுத்தநாள் காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. தாலி ஏறியது. அம்மி மிதிக்கிற நேரம் வந்தது. என் அரை அம்மி மஞ்சளும் பூவுமாக வடிவாகத்தான் இருந்தது. அத்தான், பட்டுத் தலைப்பாவோடு குனிந்து அக்காவின் வலக்காலைப் பிடித்து அம்மியில் வைத்தார். மெட்டி போடுவதற்காக இன்னும் குனிந்தார். அக்கா காலில் பாரத்தைக் கொடுத்தாள்.

அம்மி ‘டொக்’ என்று ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா முன்னால் சரிந்தாள். கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது தலைப்பா. தலைப்பா கழன்று முழுதாக அவளுடைய கையோடு வந்தது. உள்ளே அத்தானின் தலைமயிர், எண்ணெய் வைத்து அழுத்தியிருந்தது அத்தனையும், எழும்பி நின்றது.

பந்தலில் ஒரு சத்தமில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். அக்கா ஒற்றைக்காலில் நின்று தலைப்பாவைத் தேங்காய் மாதிரி ஏந்திக்கொண்டிருந்தாள். இந்த அமைதியை ஏதோ சைகை என்று எண்ணிய தவில்காரர், முழு வேகத்தில் கெட்டிமேளம் அடிக்கத் தொடங்கினார். அவர் தொடங்கியதைக் கண்டு நாதஸ்வரமும் சேர்ந்தது. அதைக் கேட்டு முன்வரிசையில் இருந்தவர்கள் பழக்க தோசத்தில் அறுகரிசி எறிந்தார்கள். வீடியோக்காரர் ஒன்றையும் விடவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் அத்தான் நிமிராமலே சொன்னது எனக்குக் கேட்டது. பக்கத்தில் மெட்டித் தட்டோடு நின்றது நான்தான். “பயப்பிடாதையும். காலை நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

அக்கா சிரித்துவிட்டாள். பிறகுதான் நான் மாமியைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருப்பேன், ஆனால் அங்கிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. மாமி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. அவர் சிரித்து அதற்கு முன் எங்களில் ஒருவரும் கண்டதில்லை. மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “நான் அப்பவே சொன்னனான், ஆடுது எண்டு.”

விடுமுறை முடிந்ததும் கொத்தும்போது கழன்ற சில்லுகளில் நல்லதைப் பொறுக்கி, பஞ்சில் சுற்றி, பேராசிரியரின் மேசையில் வைத்தேன். கட்டைவிரலில் துணிக்கட்டு இன்னும் இருந்தது. அவர் வில்லையால் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அருமை. எங்கே எடுத்தாய்?” என்றார்.

“ஓர் அம்மியிலிருந்து, சேர்.”

“அம்மி எங்கிருந்து வந்தது?”

“அக்காவின் மாமியாரிடமிருந்து.”

“மாமியார் எங்கிருந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை” என்றார் பேராசிரியர். “பாறை எங்கிருந்து வந்தது? நிலத்தில் எப்படிக் கிடந்தது? மடிப்பு எந்தத் திசையைப் பார்த்தது? எது மேல், எது கீழ், எது வடக்கு?”

எனக்குத் தெரியவில்லை. வயதை மட்டும் கணித்து என்ன செய்வது? எந்தக் கடல் எந்தக் கரையின் அடியில் சொருகியது என்று கேட்டால், அச்சுவேலிக் குசினியின் அடியில் என்றா எழுதுவது? கல்லுக்கு வயது இருந்தால் போதாது, ஊரும் வேண்டும். சில்லுகளைப் பஞ்சோடு திருப்பித் தந்தார். ஆக, அக்காவின் கலியாண அம்மியை நான் உடைத்தது ஒன்றுக்கும் உதவாமல்தான்.

இதை மாமியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவரே தொலைபேசியில் கேட்டார். “என்ன வயசாம்?”

சொன்னேன். கல்லின் ஊர் தெரியாமல் வயது பார்த்துப் பயனில்லை என்று. அந்தப் பக்கம் சேவல் கூவியது. பிறகு, “அது எங்கடை அப்பு வன்னியிலையிருந்து கொண்டு வந்தது. என்ரை கலியாணத்துக்கெண்டு. நானும் வண்டிலிலை கூடப் போனனான். குளக்கட்டுக்குக் கீழை ஒரு கல்லுக் கொத்துற இடம். கண்டா அடையாளம் சொல்லுவன்” என்றார்.

அப்படித்தான் அடுத்த விடுமுறையில் மாமியும் நானும் சித்தப்பாவின் ஓட்டோவில் கண்டி வீதியால் தெற்கே போனோம். விசாரித்து விசாரித்து இரண்டு குளக்கட்டுகள் பிழையாகிப் போயின. மூன்றாவதில் மாமி, “நிப்பாட்டு” என்றார். கல் கொத்தியவர்கள் இல்லை, காடு மூடியிருந்தது. ஆனால் கட்டின் கீழே பாறை முதுகு காட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதன் மேல் ஊற்றினேன். அதே வெள்ளை, அதே கறுப்பு, மடிப்பின் மேல் அதே மடிப்பு. வளையம் போட்ட அதே சிவப்பு.

திசையறி கருவியை வைத்துப் பார்த்து, பாறையில் வடக்கு நோக்கி அம்புக்குறி ஒன்று கீறினேன்.

“உது ஏன்?” என்றார் மாமி. அவர் பாறையிலேயே இருந்து பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். “வழி தெரியாமல் போயிடுமோ கல்லு?”

“போன முறை போயிட்டுது மாமி.”

துண்டை எடுக்க உளியை வைத்தபோது, சித்தப்பா ஓட்டோவிலிருந்து கத்தினார். “கறுத்தக் கோட்டிலை வையாதை!” எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லாருக்கும் முதலாம் வருடப் பாடம் தெரியும்.

அந்த அரை அம்மி அச்சுவேலிக் குசினியில் இருக்கிறது. அடிக்குப் பலகைத் துண்டு வைத்து அத்தான் ஆட்டத்தை நிறுத்திவிட்டார், தச்சர் அல்லவா. மற்றப் பாதி எங்கள் கிணற்றடியில் கால் கழுவக் கிடக்கிறது. அக்காவும் அத்தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிற நாட்களில் மாமி யாருடைய பக்கமும் கதைக்கமாட்டாராம். “அம்மி ஆடுது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவாராம். அதற்குப் பிறகு இருவரும் கோபமாக இருப்பது கஷ்டமாம். சித்தப்பா என்னைப் புதிதாக யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, “எங்கடை குடும்பத்திலை முதன்முதல் படிச்ச பிள்ளை” என்று தொடங்கி, கொஞ்சம் இடைவெளி விட்டு, “அம்மி கொத்துறா” என்று முடிப்பார். நான் மறுப்பதில்லை. உண்மைதானே.

கல்லின் வயதைக் கணிக்க அதை முதலில் பொடியாக்க வேண்டும். பொடியை அலசி, சலித்து, அதற்குள்ளிருந்து மணல் துகளைவிடச் சிறிய சிர்க்கோன் மணிகளைப் பொறுக்க வேண்டும். வயது அந்த மணிகளுக்குள்தான் இருக்கிறது. பேராசிரியர் ஆய்வை எனக்கே தந்துவிட்டார். குளக்கட்டுத் துண்டை இன்று காலை ஆய்வுகூடத்து இயந்திரத்தில் போட்டு, பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் போட்ட சத்தத்துக்குள் மாமியின் அழைப்பு வந்தது.

“என்ன வயசாம்?”

“இன்னும் தெரியாது மாமி. இப்பத்தான் அரைக்கிறன்.”

“கல்லையோ?”

“ஓம் மாமி. கல்லைத்தான்.”

சேவல் கூவவில்லை. அது செத்துப்போய்விட்டதாக்கும். மாமி மட்டும் சொன்னார்: “அவசரப்படாதை. வடிவா, பட்டுப்போலை அரை.”